சலுகை உண்டு, சொல்லித் தர யார் உண்டு?

புனே கேம்ப் பகுதியில் வசிக்கும் உறவினர் ஒருவரின் மகனுக்கு வயது பத்து. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் ஹிந்தியும் மராத்தியும். நான்கிலும் வாய் ஓயாமல் பேசுகிறான். ஆனால், எந்த மொழியிலும் இரண்டு வரி சேர்ந்தாற்போல் படிக்க அவனால் இயலவில்லை. சோம்பேறி என்றார் ஓர் ஆசிரியை. வீட்டில் தமிழ் பேசுவதால் வந்த வினை என்றார் இன்னொருவர். ஒன்றரை ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு, 'டிஸ்லெக்சியா' எனும் கற்றல் குறைபாடு இருப்பதாக மருத்துவச் சான்று கிடைத்திருக்கிறது. அண்மையில் சென்றிருந்தபோது அவன் தாயார் கேட்டார்: "பரீட்சைக்குக் கூடுதல் நேரம் தருவாங்களாம், அண்ணா. நேரம் கொடுத்தா மட்டும் படிச்சிருவானா?"

நாடாளுமன்றச் செய்திகளையே தொழிலாகக் கொண்ட இக்கட்டுரையாளனிடம் அதற்குப் பதில் இல்லை. சட்டம் வந்த நாள் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

2016-ஆம் ஆண்டின் குளிர்காலக் கூட்டத்தொடர், உயர் மதிப்பு ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பால் எழுந்த அமளியில் கரைந்துபோன ஒன்று. அந்தக் கூச்சலுக்கு நடுவே, டிசம்பர் 14-இல் மாநிலங்களவையிலும், தொடரின் கடைசி நாளான 16-இல் மக்களவையிலும் மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் மசோதா கட்சி வேறுபாடின்றி நிறைவேறியது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே அறிந்திருந்தது. புதிய சட்டம் அவற்றை 21 ஆக்கியது. டிஸ்லெக்சியா சட்டப் புத்தகத்தில் இடம்பெற்றது அப்போதுதான். கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து, அதற்கேற்ற கற்பித்தல் முறைகளை மேற்கொள்ள வேண்டும் என்கிறது 16-ஆவது பிரிவு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளி மாணவர்களிடையே கணக்கெடுப்பு நடத்தி, குறைபாடுள்ள குழந்தைகளைக் கண்டறிய வேண்டும், முதல் கணக்கெடுப்பு இரண்டு ஆண்டுகளுக்குள் முடிய வேண்டும் என்கிறது 17-ஆவது பிரிவு. சட்டம் அமலுக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. ஆக, கெடு 2019 ஏப்ரல்.

கண்டறிவது, கற்பிப்பது என இரண்டு கடமைகளைச் சட்டம் சொன்னது. அரசு இயந்திரம் முதலாவதை மட்டும், அதுவும் சான்றிதழ் வழங்கும் வேலையாக எடுத்துக்கொண்டது. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, எட்டு வயது நிரம்பினால்தான் சான்றிதழ். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பரிசோதனை. எட்டு வயதுக்கு முன் உறுதியாகச் சொல்ல இயலாது என்ற மருத்துவக் காரணம் நியாயமானதே. ஆனால் முதல் மூன்று வகுப்புகளில்தானே எழுத்து மனதில் பதிகிறது? சான்றிதழ் வரும் வரை சொல்லித் தராமல் இரு என்று எந்த மருத்துவரும் கூறவில்லையே!

டிஸ்லெக்சியா அறிவுக் குறைவு அன்று. எழுத்தின் வடிவத்தையும் அதன் ஒலியையும் இணைப்பதில் மூளை சந்திக்கும் இடர். நூற்றுக்கு ஐந்து முதல் பத்துக் குழந்தைகள் வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அப்படியானால் நாற்பது பேர் கொண்ட ஒரு வகுப்பில் இரண்டு முதல் நான்கு பேர்! ஆங்கிலத்தில் இது சட்டென வெளிப்பட்டுவிடும். ஒரே எழுத்து சொல்லுக்குச் சொல் ஒலி மாறும் மொழி அது. தமிழில் எழுத்தும் ஒலியும் பெரிதும் ஒத்துப்போவதால், குழந்தை தவறாகப் படிப்பதில்லை. மிக மெதுவாகப் படிக்கிறது. அதனாலேயே 'மந்தம்' என்ற முத்திரையோடு தப்பிவிடுகிறது. தமிழ் எளிது என்றும் எண்ணிவிட வேண்டாம். 247 எழுத்துகள், கடல், அகம், பங்கு ஆகிய மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. வீட்டில் 'இருக்கு' என்று கேட்ட குழந்தை புத்தகத்தில் 'இருக்கிறது' என்று படிக்க வேண்டும்.

மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளுக்கென உருவாக்கிய 'டாலி' என்ற பரிசோதனைத் தொகுப்பு 2015-இல் வெளியானது. ஹிந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் என்ற அந்த முதல் நான்கில் தமிழ் இல்லை. கேம்ப் பகுதியில் ராணுவத்தையொட்டி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பையனை எந்த மொழியில் பரிசோதிப்பது?

மகாராஷ்டிரத்தைக் குறை கூறுவது நோக்கமல்ல. தேர்வில் கூடுதல் நேரம், கூடுதல் மொழியிலிருந்து விலக்கு போன்ற சலுகைகளை 1990-களிலேயே வழங்கிய முன்னோடி மாநிலம் அது. சென்னையிலும் மும்பையிலும் டிஸ்லெக்சியா சங்கங்கள் தோன்றியதும் அதே பத்தாண்டில்தான். 2007-இல் வந்த 'தாரே ஜமீன் பர்' திரைப்படம் புனேயிலிருந்து அதிகத் தொலைவில்லாத பஞ்ச்கனிப் பள்ளி ஒன்றில் எடுக்கப்பட்டது. படத்தில் அந்தச் சிறுவனுக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார். நம் பள்ளிகளில் கிடைக்காதது அவர்தான்.

இதை உச்ச நீதிமன்றமே சொல்லியாயிற்று. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில், தொடக்கப் பள்ளிகளில் சிறப்புத் தேவையுள்ள பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என சிறப்பாசிரியர் விகிதத்தை 2021-இல் வகுத்தது. பணியிடங்களை அறிவிக்குமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. சான்றிதழுக்கு மையும் முத்திரையும் போதும். ஆசிரியருக்கு மாதச் சம்பளம் வேண்டும். தாமதத்துக்குக் காரணம் இவ்வளவே.

அந்த ஆசிரியருக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. 1930-களில் அமெரிக்காவில் ஆர்ட்டன், கில்லிங்ஹாம் ஆகியோர் வகுத்த முறைதான் இன்றும் அடித்தளம். ஒரு நேரத்தில் ஓர் ஒலி. அதைக் கண்ணால் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, விரலால் வரைந்து பழக வேண்டும். பழகிய பின்பே அடுத்தது. மணல் தட்டில் எழுதச் சொல்வதும் உண்டு. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நடந்தது வேறென்ன? எழும்பூரில் ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு வியந்து, இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று, 1797-இல் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்றே அங்கு அதற்குப் பெயர். இங்கு நாம் மணலை ஒதுக்கிவிட்டோம். ஐந்து வயதில் நோட்டுப் புத்தகத்தை நிரப்பச் சொல்கிறோம்.

மகாராஷ்டிரத்தில் முதல் வகுப்பிலிருந்தே ஹிந்தியை மூன்றாவது மொழியாக்கிய ஆணை 2025 ஏப்ரலில் வந்து, எதிர்ப்பால் ஜூன் இறுதியில் திரும்பப் பெறப்பட்டது. தமிழக எம்.பி.க்களும் அதைக் கூர்ந்து கவனித்தனர், கவனிக்க வேண்டியதே. ஆனால், எத்தனை மொழி என்று வாதிட்ட இரு தரப்பிலும், ஒரு மொழியிலேனும் படிக்கத் திணறும் பிள்ளையைப் பற்றிய பேச்சு காதில் விழவில்லை.

கேம்ப் விஷயத்தில் தில்லிக்கு நேரடிப் பொறுப்பும் உண்டு. கன்டோன்மென்ட் வாரியங்கள் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குபவை. அவை நடத்தும் பள்ளிகளும் அப்படியே. 57 வாரியங்களுக்கு 2023 ஏப்ரலில் நடக்கவிருந்த தேர்தல் மார்ச்சிலேயே ரத்து செய்யப்பட்டது. முறையிட உள்ளூரில் உறுப்பினர் இல்லையென்றால், மக்கள் நாடாளுமன்றத்தைத்தான் பார்க்க வேண்டும். கன்டோன்மென்ட் பள்ளிகளில் 17-ஆவது பிரிவின்படி கணக்கெடுப்பு எப்போது நடந்தது, அதில் கற்றல் குறைபாடுள்ளோர் எத்தனை பேர், அவர்களுக்கு நியமிக்கப்பட்ட சிறப்பாசிரியர் எத்தனை பேர் என்று பாதுகாப்பு அமைச்சரிடம் எழுத்துமூலம் கேட்க எந்த எம்.பி.க்கும் உரிமை உண்டு. அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்விப் பட்டியலில் தமிழக உறுப்பினர் ஒருவர் இதைச் சேர்க்கலாம்.