கிராஃபீன் டி-ஷர்ட் கிழியவே கிழியாதா?

முதலிபாளையம் சிட்கோவில், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் என் சித்தி, போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினார். கூடவே வாய்ஸ் நோட்: "கிராஃபீன் கலந்த பாலியஸ்டர் டி-ஷர்ட்டாம் கண்ணு. இரும்பைவிட 200 மடங்கு பலமாம். விலை ரெண்டு மடங்கு. தம்பிக்கு வாங்கலாமா?"

200 மடங்கு என்பது கிராஃபீனைப் பற்றியவரை சரிதான். பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டை உரித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சும், ஓர் அணு தடிமனே உள்ள ஏடுதான் கிராஃபீன். 2004-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் இருவரும் சாதாரண ஒட்டு டேப்பை வைத்தே இதைப் பிரித்தார்கள். 2010-ல் நோபல் பரிசும் வாங்கினார்கள். 2008-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், நுண்துளை மேல் இந்த ஏட்டை விரித்து, கூர்முனையால் அழுத்திக் கிழித்து பலத்தை அளந்தார்கள்.

கவனியுங்கள்: அளந்தது குறையில்லாத ஒரு குட்டி ஏட்டை. டி-ஷர்ட்டை அல்ல!

பாலியஸ்டர் ஒரு பிளாஸ்டிக். தண்ணீர் பாட்டிலும் அதே ரகம்தான். அதை உருக்கி, துளியளவு கிராஃபீன் கலந்து நூலாக இழுக்கிறார்கள். பிளாஸ்டிக்கும் ஏடும் இறுகப் பிடித்துக்கொண்டால், இழுவிசையை ஏடு தாங்கும், நூல் பலமாகும்.

சிக்கல் கலப்பதில்தான். கிராஃபீன் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ராகிக் களி கிண்டும்போது மாவு கட்டி தட்டுமே, அதே கதை. கட்டி இருக்கும் இடத்தில்தான் நூல் முதலில் அறும். அதனால் அதிகம் போட்டால் அதிக பலம் என்ற கணக்கு இங்கே செல்லாது. துணிமேல் வெறும் பூச்சாகப் பூசியிருந்தால், நூலின் பலம் பெரிதாக மாறாது. துவைக்கத் துவைக்கத் தேயவும் செய்யலாம்.

எனவே, வாங்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. கிராஃபீன் நூலுக்குள் கலந்ததா, மேலே பூசியதா?

2. எத்தனை சதவிகிதம்?

3. கிராஃபீன் இல்லாத அதே துணியோடு ஒப்பிட்ட பர்ஸ்டிங் டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கிறதா? துவைத்த பிறகும் எடுத்தார்களா?

பர்ஸ்டிங் டெஸ்ட் என்பது, துணியை வட்டமாகப் பிடித்து, அடியிலிருந்து அழுத்தம் கொடுத்து, எப்போது கிழிகிறது என்று பார்ப்பது. திருப்பூர்க்காரர்களுக்குப் பழகிய சோதனைதான்.

"அட, அந்த டெஸ்ட்டா! நம்ம கம்பெனிப் பீஸுக்கே பையர் கேப்பாங்களே" என்று சிரித்தார் சித்தி. மூன்று கேள்விகளையும் விற்பவருக்கு அனுப்பினார். புளூ டிக் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை.

தம்பிக்கு இந்த முறையும் காட்டன்தான்!