தலையாட்டினால் சம்மதம் என்று அர்த்தமா?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரிலிருந்து யாங்கோன் போய் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் மேலாளராக இருக்கிறான் நம் மாணவன் ஒருவன். வருடாந்தர மதிப்பீட்டில், தன்கீழ் வேலை செய்யும் சூப்பர்வைசர் பெண்களுக்கு "தானாக முன்வந்து பேசுவது" என்ற கட்டத்தில் பூஜ்யம் போடப்போகிறானாம். போட்டால் அவர்களுக்குச் சம்பள உயர்வு குறையும். "எதைக் கேட்டாலும் ஹோக்கே, ஹோக்கேன்னு தலையாட்டுறாங்க சார். ஷிப்மென்ட் அன்னிக்குத்தான் துணி பத்தலைன்னே தெரியுது" என்கிறான்.

பூஜ்யம் போடாதே என்பது என் கட்சி.

'ஹோக்கே' என்பதை நாம் 'சரி' என்று எடுத்துக்கொள்கிறோம். பல நேரங்களில் அதற்கு "நீங்கள் சொன்னது காதில் விழுந்தது" என்பதற்கு மேல் பொருள் கிடையாது. அதன் பின்னால் இன்னொரு சொல் இருக்கிறது: 'ஆநாடே'. பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் பெரியம்மா வாயில் அடிக்கடி வரும். 'ஆ' என்றால் வலிமை, 'நா' என்றால் நோவு. அடுத்தவருக்குத் தொந்தரவாகிவிடுமே, அவர் முகம் வாடிவிடுமே என்று நம் மனம் கூசுவது. தமிழில் முகதாட்சண்யம் என்போமே, அதற்கு மிக நெருக்கம். இது பயம் இல்லை. 1962 முதல் ராணுவத்தின் கீழ் வாழ்ந்த நாட்டில் பயமும் உண்டுதான், ஆனால் அது வேறு கணக்கு.

இன்னொன்று. அங்கே ஆசிரியரை 'சயா' என்பார்கள், மேலதிகாரியையும் சயா என்றே அழைப்பார்கள். புத்தர், தம்மம், சங்கம், பெற்றோர், ஆசிரியர் என்று வணங்கத்தக்க ஐந்தில் ஆசிரியருக்கும் இடம் உண்டு. அக்டோபர் வாக்கில் வரும் தடிஞ்ஜு பண்டிகையில் பெரியவர்களையும் ஆசிரியர்களையும் தேடிப்போய் விழுந்து வணங்குவார்கள். (ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்ட்கூட முன்பு பள்ளித் தலைமையாசிரியர்தான். 'ஊ' என்பது பெயரல்ல, மரியாதை அடைமொழி.) அப்படி வளர்ந்த பெண், நாற்பது பேர் முன்னால் சயாவைப் பார்த்து "உங்கள் கணக்கு தப்பு" என்று சொல்ல வேண்டும் என்கிறான் இவன். நாற்பது பேர் முன்னால் அவனை யாராவது அப்படிச் சொன்னால் அவனே எப்படி முறைப்பான் என்பது எனக்குத் தெரியும்!

ஆநாடே எல்லாம் நல்லது என்று நான் வாதாடவில்லை. காய்ச்சலோடு வந்து மெஷினில் உட்கார்ந்து, லீவு கேட்கக் கூசி மயங்கி விழுகிறவளுக்கு அதனால் கேடுதான். மேலே இருப்பவர்கள் அந்தக் கூச்சத்தை வசதியாகப் பயன்படுத்திக்கொள்வதும் உண்டு.

ஆனால் அவர்களுக்கு வாய் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2021 பிப்ரவரி 1-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், சில நாட்களில் அரசு மருத்துவர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். யாங்கோனில் முதலில் தெருவில் இறங்கியவர்களில் லாய்ந்தாயா ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும் உண்டு. மார்ச் 14 அன்று அதே லாய்ந்தாயாவில் துப்பாக்கிச்சூட்டில் பலர் செத்தார்கள். மே மாதத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளி ஆசிரியர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டதாக அவர்களுடைய கூட்டமைப்பு சொன்னது. சம்பளம், குவார்ட்டர்ஸ் எல்லாம் போகும் என்று தெரிந்தே அவர்கள் மறுத்தார்கள். முப்பத்து நான்கு வருஷம் அரசுச் சம்பளம் வாங்கியவன் நான், அதன் கனம் எனக்குப் புரியும்.

ஆகவே தம்பி, "எல்லாம் சரியா?" என்று கேட்பதை விடு. அதற்கு ஹோக்கேயைத் தவிர வேறு பதில் வராது. "எத்தனை மீட்டர் துணி கையில் இருக்கு? வியாழக்கிழமை வரை வருமா?" என்று கேள். கூட்டத்தில் கேட்காதே, தனியாகக் கேள். அவர்களில் மூத்த அக்கா ஒருத்தி இருப்பாள், மற்றவர்கள் சொல்லத் தயங்குவது அவள் வழியாக வந்து சேரும். டீக்கடையில் உட்கார். அந்த ஊரில் பாதி உண்மை டீக்கடையில்தான் பேசப்படுகிறது. குறை சொன்னவளை அன்றைக்கே எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டால், அடுத்த ஒரு வருஷத்துக்கு உனக்கு ஒரு தகவலும் வராது.

பெரியம்மா வீட்டுப் பிள்ளைகள் யாராவது 'ஆநாடே'யைச் சரியாக உச்சரித்து ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். தமிழ் எழுத்தில் அது சரியாகவே வரமாட்டேன் என்கிறது.