பேய்ப் பாட்டு இல்ல பாஸ்! கிரான்பெரிஸின் ‘ஸோம்பி’ யாருக்காக எழுதப்பட்டது?

2023 செப்டம்பர், பாரிஸ். ரக்பி உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவை 13-8 என அயர்லாந்து வீழ்த்தியதும், பச்சை ஜெர்ஸி ரசிகர்கள் மொத்தமாக ஒரு பாட்டைப் பாடினார்கள். கிரான்பெரிஸ் இசைக்குழுவின் ‘ஸோம்பி’. அந்த வீடியோ வைரலானது. கூடவே சண்டையும் வந்தது. வெற்றியைக் கொண்டாட இந்தப் பாட்டுதான் கிடைத்ததா என்று அயர்லாந்துக்காரர்களே கேட்டார்கள்.

ஏன்? தலைப்பைப் பார்த்துவிட்டு இதைப் பேய்ப்பட ரகம்னு நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நடந்த கதை வேற.

1993 மார்ச் 20, சனிக்கிழமை. இங்கிலாந்தில் மறுநாள் அன்னையர் தினம். வாரிங்டன் நகரக் கடைவீதியில் குப்பைத் தொட்டிகளுக்குள் ஐஆர்ஏ வைத்திருந்த 2 குண்டுகள் வெடித்தன. 3 வயதுக் குழந்தை அங்கேயே இறந்தது. 12 வயதுச் சிறுவன் 5 நாள் கழித்து, மார்ச் 25-ல் இறந்தான். வடக்கு அயர்லாந்தை பிரிட்டனிடமிருந்து மீட்டு அயர்லாந்தோடு சேர்க்க வேண்டும் என்பது ஐஆர்ஏவின் லட்சியம். அதற்கு இந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்?

இந்தக் கேள்விதான் டோலரஸ் ஓரியார்டனைத் தூங்கவிடவில்லை. லிமரிக்கைச் சேர்ந்த அந்தப் பாடகிக்கு அப்போது வயது 21. ஐரிஷ் மக்களின் பெயரைச் சொல்லிக் குண்டு வைக்கிறார்களே, அந்த ஐரிஷ் மக்களில் நானும் ஒருத்திதானே என்ற கோபம். பாட்டு 1916 எழுச்சி வரைக்கும் பின்னால் போகிறது. பழைய போரைத் தலைக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு, யோசிக்காமல் கொல்பவர்கள்தான் அவருடைய ‘ஸோம்பி’கள்.

அதுவரை ‘லிங்கர்’, ‘ட்ரீம்ஸ்’ என்று மென்மையாகப் பாடிய குழு அது. இதில் கிட்டார் கரகரவென உறுமுகிறது, டிரம்ஸ் இடிக்கிறது. டோலரஸின் குரல் வேண்டுமென்றே உடைகிறது. அயர்லாந்திலும் ஒப்பாரி மரபு உண்டு. ஹெட்போன் போட்டுக் கேட்டால் அது புரியும். 1994 செப்டம்பரில் பாட்டு வெளியானது. வீடியோவை இயக்கிய சாமுவேல் பேயர், பெல்ஃபாஸ்ட் தெருக்களில் ரோந்து சுற்றிய ராணுவத்தினரையும் விளையாடிய சிறுவர்களையும் நிஜமாகவே படம்பிடித்துச் சேர்த்திருந்தார்.

எதிர்த்தரப்பு வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. அந்த 12 வயதுச் சிறுவன் இறந்த அதே மார்ச் 25-ல், வடக்கு அயர்லாந்தின் காசில்ராக்கில் வேனில் வேலைக்கு வந்த 4 பேரை பிரிட்டன் ஆதரவு ஆயுதக் குழு சுட்டுக் கொன்றது. அவர்களுக்கு இப்படி உலகம் பாடும் பாட்டு எதுவும் வரவில்லை. தெற்கில் பாதுகாப்பாக வளர்ந்தவருக்கு வடக்கின் வலி என்ன தெரியும் என்ற கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் ஒரு விஷயம். எதிரி செய்த கொலையைக் கண்டித்துப் பாடுவது ரொம்ப ஈஸி. டோலரஸ் கேள்வி கேட்டது தன் கொடியைப் பிடித்திருந்தவர்களை. 21 வயதில் அதைச் செய்ய தைரியம் வேண்டும். 2018 ஜனவரியில், 46 வயதில் அவர் இறந்துபோனார். பாரிஸில் அத்தனை பேர் சேர்ந்து பாடியதைக் கேட்க அவர் இல்லை.