நம்பரைப் பார்த்து மயங்காதீங்க!

போன இதழில், மிக்ஸி வாங்கும்போது வாட்ஸ் நம்பரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு என் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, அப்படியே கம்ப்யூட்டருக்கும் எழுதுங்களேன். பையன் காலேஜ் சேரப் போறான், கடைக்காரர் சொல்றது ஒண்ணும் புரியலே" என்றாள். பத்தாவது படித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள் இதைப் பற்றி எழுதுவதா என்று சிரிக்காதீர்கள். பட்டுத் தெரிந்துகொண்டவள் நான்!

2001 கடைசியில், கல்யாணப் பத்திரிகை டைப் செய்து கொடுத்து நாலு காசு பார்க்கலாம் என்று வீட்டுக்கே ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். சீட்டு எடுத்த பணம் போதாமல் என் ஜிமிக்கி அடகுக்குப் போயிற்று. கடையில் இருந்தவர், "இது ஒரு கிகாஹெர்ட்ஸ்தாம்மா. இன்னும் அஞ்சாயிரம் போட்டா ஒண்ணரையா வாங்கிடலாம்" என்றார். பணம் இடித்தது. "ராம் 128-க்குப் பதிலா 64 போட்டுக்கலாம், மீதியைத் தவணையில குடுங்க" என்று அவரே வழியும் சொன்னார். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். நானும்தான் ஆட்டினேன், பொய் சொல்வானேன்.

வீட்டுக்கு வந்து பிள்ளையார் படம் போட்ட பத்திரிகை ஒன்றைத் திறந்தால், அது திறப்பதற்குள் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்துவிடலாம். வந்த ஆர்டரெல்லாம் இரண்டு தெரு தள்ளியிருந்த கடைக்குப் போய்விட்டது. ஜிமிக்கியை மீட்க மூன்று வருஷம் ஆயிற்று.

அந்த நம்பர் மோகம் எங்கிருந்து வந்தது என்பது, பிற்பாடு என் பெண் காலேஜில் படித்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கம்ப்யூட்டரின் மூளையான சிப்பைச் செய்கிற கம்பெனிகளில் இன்டெல், ஏஎம்டி என்ற இரண்டும் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவை. சிப் நொடிக்கு நூறு கோடி தரம் துடித்தால் ஒரு கிகாஹெர்ட்ஸ். அதை முதலில் எட்டுவது யார் என்று ஓரகத்திகள் மாதிரி இரண்டுக்கும் போட்டி. 2000 மார்ச் 6-ம் தேதி ஏஎம்டி தன் அத்லான் சிப்பில் எட்டிவிட்டது. இன்டெல் சும்மா இருக்குமா? இரண்டே நாளில், 8-ம் தேதி, பென்டியம் 3-ல் அதுவும் அறிவித்தது. அந்த அவசரத்திலேயே 1.13 கிகாஹெர்ட்ஸ் சிப் ஒன்றை விட்டு, அது நிலையாக ஓடாமல் ஆகஸ்டில் திரும்பப் பெற்றுக்கொண்டது. நவம்பரில் பென்டியம் 4 வந்தது. எடுத்த எடுப்பிலேயே 1.4, 1.5.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. பந்தியில் ஒருத்தி சின்னக் கரண்டியால் நூறு தரம் சாம்பார் ஊற்றுகிறாள். இன்னொருத்தி பெரிய கரண்டியால் எழுபது தரம் ஊற்றுகிறாள். யார் சீக்கிரம் பந்தியை முடிப்பாள்? பென்டியம் 4 சின்னக் கரண்டிக்காரி. துடிப்பு அதிகம், ஒவ்வொரு துடிப்பிலும் நடக்கிற வேலை குறைவு. ஆனால் விளம்பரத்தில் கரண்டியா தெரியும், நம்பர்தானே தெரியும்? ஏஎம்டி என்ன செய்தது தெரியுமா? 2001 அக்டோபரில், 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடிய சிப்புக்கு '1800+' என்று பேர் வைத்துவிட்டது! நம்பருக்கே ஒரு வேஷம் கட்டிய கதை.

அடுப்பைக் கூட்டிக்கொண்டே போனால் பாத்திரம் கருகாதா? சிப்பும் கொதித்தது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொல்லிவந்த இன்டெல், 2004 அக்டோபரில் அதைக் கைவிட்டது. அதன் தலைவர் க்ரெய்க் பாரெட் மேடையிலேயே மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டாராம். 2005-ல் இரண்டு கம்பெனிகளுமே ஒரு சிப்பில் இரண்டு மூளை வைத்தன. ஒரே அடுப்பை எரித்துத் தள்ளாமல் இரட்டை அடுப்பு வாங்கின மாதிரி. 2006-ல் வந்த இன்டெல் கோர் 2 டுயோ 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே, 3.8-ல் ஓடிய பழைய பென்டியம் 4-ஐ ஓரம் கட்டியது.

போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரோடு நானும் கடைக்குப் போனேன். "அக்கா, இது 4.7 கிகாஹெர்ட்ஸ், பத்தாயிரம்தான் கூட" என்றான் அந்தப் பையன். இவள் என் முகத்தைப் பார்த்தாள். பெட்டியில் போட்டிருக்கும் அந்த வேகம் கொஞ்ச நேரம் மட்டும் எட்டுகிற உச்சம். சூடு ஏறினால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் நான் கேட்டது வேறு. "சிப் எந்த வருஷம் வந்தது தம்பி? ராம் எத்தனை ஜிபி? எஸ்எஸ்டியா, பழைய ஹார்ட் டிஸ்க்கா?" ராம் என்பது சமையல் மேடை, எஸ்எஸ்டி சாமான் அறை. மேடை குறுகல் என்றால் எத்தனை சுறுசுறுப்பான மருமகளும் ஒவ்வொரு டப்பாவுக்கும் அறைக்கு ஓட வேண்டியதுதான். என் 64 ராம் செய்தது அதைத்தான்.

கடைசியில் நம்பர் சின்னதாக, ஆனால் புதுசாக வந்த சிப்பே போதும் என்று எடுத்து, ராமை 8-லிருந்து 16 ஆக்கிக்கொண்டோம். அதற்கான பணம் போகவும் கையில் மிச்சம் இருந்தது. மெத்தை மேல் வைத்து வேலை செய்தால் காற்றுத் துவாரம் அடைபட்டு லேப்டாப் சூடாகிவிடும் என்று பையனிடம் சொல்லியனுப்பினேன். "சரி அத்தை" என்றான். ஹாஸ்டலில் கேட்பானோ என்னவோ!