பதினொரு மாதக் குடித்தனம்



மும்பைச் சால்களில் குடிபோகும்போது நம்மிடம் நீட்டுகிறார்களே ஒரு தாள், அதை முழுதாகப் படித்தவர் நம்மில் எத்தனை பேர்? புரோக்கர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறோம். டெபாசிட்டை எண்ணிக் கொடுக்கிறோம். அந்தத் தாளில் நாம் வாடகைதாரர் அல்ல, 'லைசென்ஸி'! வீட்டுக்காரர் தயவில் பதினொரு மாதம் தங்கிப் போகிறவர்!

பெயரில் என்ன என்று இருந்துவிடாதீர்கள். 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, தக்க காரணமும் கோர்ட்டு உத்தரவும் இல்லாமல் வாடகைதாரரை வெளியேற்ற முடியாது. லைசென்ஸிக்கோ, அதே சட்டத்தின் 24-ஆவது பிரிவு, கெடு முடிந்தால் காலி செய் என்கிறது. மீறினால் இரட்டிப்புப் பணம். தாளில் எழுதியதே முடிவான சாட்சி என்றும் விளக்கம் வேறு! சாமி கொடுத்த வரத்தைப் பூசாரி தடுப்பான் என்பார்கள். இங்கே சாமியே பூசாரி வேலையும் பார்க்கிறது.

சென்ற மாதம் சங்கத்துக்கு ஒரு தாய் வந்தார். ஏழு வருடத்தில் ஆறு அறை மாறியவர். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கும் நேரம், வீட்டுக்காரர் குழாயை அடைத்துவிட்டார். கணவர் சாமான் கட்டத் தொடங்கிவிட்டார். தாளை வாங்கிப் பார்த்தேன். நோட்டரி முத்திரை மட்டும் இருந்தது, பதிவு இல்லை.

55-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவில்லாதபோது, மாறாக நிரூபிக்கும் வரை, குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனையே செல்லும். வாடகைதாரரின் தண்ணீரைக் காரணமின்றி நிறுத்துவதை 29-ஆவது பிரிவு தடுக்கிறது. இதையெல்லாம் எழுதிச் சங்கத்தின் கடிதம் போயிருக்கிறது. குழாய் இன்னும் திறக்கவில்லை.

முறையாகப் பதிவு செய்த தாளில் மாட்டியவர்களுக்கு இந்த வழியும் கிடையாது. அதனால்தான் சட்டத்தையே திருத்தக் கேட்கிறோம். புதுமை எதுவும் இல்லை. 1973-இல் இதே மாநிலம் பழைய பம்பாய் வாடகைச் சட்டத்தைத் திருத்தி, அவ்வாண்டு பிப்ரவரி 1 அன்று நடப்பு ஒப்பந்தத்தோடு குடியிருந்த லைசென்ஸிகளை வாடகைதாரர்களாக்கியது. அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது? வீடுகளைப் பூட்டிவிடுவார்களாம்! பூட்டிய வீட்டுக்கு வரி போடட்டுமே. ஒற்றை அறை வாடகையில் கஞ்சி குடிக்கும் கிழவிக்கு வேண்டுமானால் விலக்குக் கொடுங்கள். நமக்கு ஆட்சேபணை இல்லை.

நான் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருப்பவன். ரிடையரான பின் நானும் புரோக்கர் வாசலில் நிற்க வேண்டியவன்தான்.

வாடகை கொடுத்தால் ரசீது கேளுங்கள். கொடுப்பது 31-ஆவது பிரிவுப்படி அவர் கடமை. வரும் ஞாயிறு காலை உங்கள் தாளையும் ரசீதுகளையும் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். மராத்தி படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள்.