இறந்தவர் தாட்சண்யம்

கதை எழுதுகிறவர்களுக்கு உயில் என்பது பெரிய வரப்பிரசாதம். கதை முடிச்சு அவிழ மறுக்கிறதா? கிழவரைச் சாகடித்துவிட்டுப் பீரோவிலிருந்து ஓர் உயிலை எடுத்தால் போதும். வக்கீல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசிப்பார். கெட்டவன் முகம் வெளுக்கும். அநாதைப் பெண் விம்முவாள். முற்றும். நானும் இரண்டு நாவல்களில் இந்தப் பாவத்தைச் செய்திருக்கிறேன். வாசகர்கள் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார்கள். ஒரு வாசகி மட்டும், "உயிலை வாசித்த பிறகு பணம் எப்படி அந்தப் பெண்ணின் கைக்கு வந்தது என்று எழுதவில்லையே?" என்று கேட்டிருந்தார். அப்போது சிரித்துவிட்டு அந்தக் கடிதத்தை எங்கோ வைத்தேன். மதுராந்தகத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் மூன்று வருஷ காலம் உட்கார்ந்து எழுந்த பிறகுதான், அந்த அம்மாள் என்னைவிட நல்ல நாவலாசிரியை என்று தெரிந்தது.

அந்த வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். என் நெடுநாளைய நண்பர். அவருடைய அண்ணன் இளமையிலேயே கப்பலேறிப் பினாங்குக்குப் போய், அங்கேயே குடித்தனம் செய்து, அங்கேயே காலமானார். நல்ல மனிதர். யார் மனமும் கோணக்கூடாது என்று வாழ்நாள் முழுவதும் பாடுபட்டவர். அப்படிப் பாடுபட்டதன் கடைசிப் பலன்தான் அவருடைய உயில்.

அதில் சொத்துப் பங்கீடு என்னவோ தெளிவாகத்தான் இருந்தது. பினாங்கில் ஒரு வீடும் பாங்கில் போட்டிருந்த பணமும். மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நன்செய். சென்னை மாம்பலத்தில் ஒரு சின்ன வீடு. இன்னது மனைவிக்கு, இன்னது பெண்களுக்கு, விதவையான தங்கைக்கு மாதாமாதம் இவ்வளவு என்று எழுதியிருந்தார். தகராறு அந்த வரிகளில் இல்லை. "இந்த உயிலை நிறைவேற்ற என் தம்பியையும் என் மைத்துனரையும் கூட்டாக நியமிக்கிறேன்" என்ற ஒரே ஒரு வரியில் இருந்தது. தம்பி மதுராந்தகத்தில், மைத்துனர் பினாங்கில். தம்பியை மட்டும் போட்டால் மனைவி வீட்டாருக்கு வருத்தம். மைத்துனரை மட்டும் போட்டால் தம்பிக்கு வருத்தம். இருவரையும் போட்டுவிட்டு மனுஷர் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுகிற புத்தி இது. சித்தப்பா பெயர் விட்டுப்போனால் மனஸ்தாபம், ஆகையால் எல்லாப் பெயரையும் அச்சடித்துவிடு! பத்திரிகையில் போடலாம். காகிதத்துக்குத்தான் நஷ்டம். எக்ஸிக்யூட்டர் என்பது மரியாதைப் பட்டமல்ல, ஐயா. கடனை அடைத்து, பாக்கியை வசூலித்து, உரியவருக்கு உரியதைக் கொடுத்துக் கணக்குக் காட்ட வேண்டிய உத்தியோகம். நம்மவர்களோ வீட்டுக்குச் சமையல்காரரை வைப்பதானால் பத்துப் பேரை விசாரிக்கிறார்கள். செத்த பிறகு ஆஸ்தி முழுவதையும் ஒப்படைக்கிற ஆளைத் தாட்சண்யத்தால் தீர்மானிக்கிறார்கள்.

இதற்கு ஒரு சமாதானமும் தயாராக வைத்திருக்கிறார்கள். "இரண்டு பேர் இருந்தால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், ஒருவர் ஏமாற்ற முடியாது." கேட்பதற்கு என்ன நியாயமாக இருக்கிறது! சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 311-ஆவது பிரிவைப் பாருங்கள். எக்ஸிக்யூட்டர்கள் பலர் இருந்தால், உயிலில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, உயிலைக் கோர்ட்டில் நிரூபித்த எவரும் தனியாகவே எல்லா அதிகாரத்தையும் செலுத்தலாம். அதாவது, 'கூட்டாக' என்று பெயரைப் போட்டுவிட்டு, 'இருவர் கையெழுத்தும் இல்லாமல் ஒன்றும் செய்யக்கூடாது' என்று எழுதாமல் விட்டால், காவலுக்கு வைத்த இரண்டாவது ஆள் காவலே அல்ல. சந்தேகப்படுவதற்கு மட்டும் ஓர் ஆள்.

நான் கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றவன். சட்டப் புத்தகத்தைத் தொட்டவனில்லை. வாத்தியார் வீட்டு விவகாரத்தால் தொட்டேன். தொட்ட பிறகு ஒன்று புரிந்தது. அங்கே சண்டை போட்ட இருவரில் ஒருவரும் அயோக்கியர் இல்லை. கதாசிரியனாகிய எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

எப்படி என்று சொல்கிறேன். சென்னை ஹைகோர்ட்டின் நேரடி எல்லைக்கு வெளியே, மதுராந்தகத்தைப் போன்ற வெளியூர் நிலத்துக்கு, ஓர் இந்துவின் உயில் விஷயத்தில் புரொபேட் வாங்க வேண்டிய கட்டாயம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆகவே வாத்தியார், "உயில் இருக்கிறது, நான் இருக்கிறேன், கோர்ட் எதற்கு?" என்று குத்தகைப் பணத்தை வாங்கி, வீட்டுக் கூரையைச் செப்பனிட்டார். மாம்பலத்து வீடு சென்னைக்குள் இருந்தது. அதற்கு 213-ஆவது பிரிவின்படி அப்போது புரொபேட் தேவைப்பட்டது. எண்பது கிலோமீட்டர் ரயிலில் போனால் சட்டமே வேறு! பினாங்கிலோ, கோர்ட் உத்தரவு இல்லாமல் பாங்குக்காரர் ஒரு வெள்ளி கூடக் கொடுக்கமாட்டார். ஆகவே மைத்துனர் அங்கே ஹைகோர்ட்டுக்குப் போனார். வாத்தியார் அங்கே இல்லாததால், அவர் பின்னால் வந்து சேர்ந்துகொள்ள உரிமை ஒதுக்கி வைத்து, மைத்துனர் பெயருக்கு மட்டும் உத்தரவு கிடைத்தது.

அந்த உத்தரவின் நகல் மதுராந்தகத்துக்கு வந்த அன்று நான் அங்கே இருந்தேன். வாத்தியார் கை நடுங்கிற்று. "என் பெயரையே அடித்துவிட்டான் பாருங்கள்" என்றார். பெயரை யாரும் அடிக்கவில்லை, ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆனால் கோபத்தில் இருக்கிறவருக்கு அடித்ததும் ஒதுக்கியதும் ஒன்றுதான். அடுத்தது அசல் உயில். தாலுகா ஆபீஸில் காட்ட அசலை அனுப்பச் சொல்லி இவர் எழுதினார். அசல் கோர்ட்டில் தாக்கலாகிவிட்டது என்று அவர் பதில் எழுதினார். அது உண்மை, அங்கே மட்டுமல்ல, எங்கேயும் அப்படித்தான். "பொய் சொல்கிறான்" என்றார் இவர். பினாங்கிலிருந்து, "குத்தகைப் பணத்துக்குக் கணக்கு எங்கே, மாமா?" என்று கேட்டு வந்தது. "நேற்றுப் பிறந்த பயல் என்னைக் கணக்குக் கேட்கிறானா?" என்றார். ஒருவர் நின்றது ஒரு தேசத்துச் சட்டத்தின் மேல். மற்றவர் நின்றது இன்னொரு தேசத்துச் சட்டத்தின் மேல். இங்கிருந்து பார்த்தால் அவர் திருடன், அங்கிருந்து பார்த்தால் இவர் திருடர்.

ஒருநாள் வாத்தியார் ஏரிக்கரையைக் காட்டி ஒரு வாதம் சொன்னார். அந்த ஊர்க் கோயிலில் இருக்கிறவர் ஏரி காத்த ராமர் அல்லவா? பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை, ஏரி உடைந்துவிடப் போகிறது என்று பதறிப் போன மழை ராத்திரியில், வில்லும் கையுமாக இரண்டு பேர் கரையைக் காத்து நின்றதைக் கண்டார் என்பது ஸ்தல ஐதிகம். "ராமரும் லக்ஷ்மணருமாக இரண்டு பேர்தானே காத்தார்கள்? என் அண்ணன் கணக்கு மட்டும் எப்படித் தப்பாகும்?" என்றார்.

"இரண்டு பேரும் ஒரே கரையில் நின்றார்கள். ஒருவர் பினாங்கில் நிற்கவில்லை. அதுவும் போக, லக்ஷ்மணர் அண்ணனைக் கணக்குக் கேட்டதாக ராமாயணத்தில் இல்லை" என்றேன். அன்று எனக்குச் சாப்பாடு போடாமலே அனுப்பிவிட்டார்.

இதெல்லாம் நடக்கும்போது அந்த வீட்டு உள்ளறையில் ஓர் அம்மாள் இருந்தாள். இறந்தவரின் தங்கை, ஊருக்கே அத்தை. கண்ணில் புரை. ஆபரேஷனுக்குத் தாமே பணம் கட்டுகிறேன் என்று வாத்தியார் எத்தனையோ தடவை சொன்னார். "எனக்கென்று அண்ணா எழுதி வைத்திருக்கிறான். அது வரட்டும். உன் பென்ஷனில் கை வைக்கமாட்டேன்" என்று பிடிவாதமாக இருந்தாள். உயிலில் கண்ட தொகையைக் கொடுக்க ஒரு வருஷம் வரையில் எக்ஸிக்யூட்டரை நெருக்க முடியாது; சட்டமே தருகிற அவகாசம் அது. மீதி இரண்டு வருஷம் இந்த இரண்டு கனவான்கள் எடுத்துக்கொண்டது. கடைசியில் ஆபரேஷன் நடந்தபோது ஒரு கண்ணுக்குத்தான் பார்வை வந்தது. மற்றதில் முற்றிய புரை அழுத்தத்தை ஏற்றி நரம்பைக் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர்.

இதற்குக் கோர்ட்டையும் வக்கீலையும் திட்டுவது நம் வழக்கம். நான் திட்டமாட்டேன். திட்ட வேண்டியவர் படத்தில் மாலையோடு சிரித்துக்கொண்டிருக்கிறார்.

பழைய கதை ஒன்றைப் பாருங்கள். பச்சையப்ப முதலியார் 1794-இல் திருவையாற்றில் காலமானார். நாற்பது வயது. சென்னையிலும், அப்போது தனி ராஜ்யமாக இருந்த தஞ்சாவூரிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திச் சம்பாதித்ததைத் தர்மத்துக்கு எழுதி வைத்தார். உயில் எழுதுவதே நம்மவர்க்கு அதிசயமாக இருந்த காலம். மனசில் குறையில்லை, எண்ணத்தில் குறையில்லை. ஆனால் பணம் நிர்வாகத்திலும் வழக்கிலும் சிக்கிக் கிடந்து, கோர்ட் தலையிட்டு, அட்வொகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்கள் முயன்ற பிறகு, அவர் பெயரில் பள்ளிக்கூடம் திறந்தது 1842-இல். நாற்பத்தெட்டு வருஷம்! அந்தக் காலத்தில் படிக்க வேண்டிய இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் கிழவர்களாகிப் போனார்கள். கடல் கடந்த சொத்துக்கு இன்னொரு கதை. தேவகோட்டை அருணாசலம் செட்டியாரின் மகன் 1934-இலும் அவர் 1938-இலும் இறந்தார்கள். இலங்கையில் இருந்த சொத்துக்கு மரண வரி உண்டா இல்லையா என்று லண்டன் பிரிவி கவுன்ஸில் தீர்ப்புச் சொன்னது 1957-இல். அது வரிச் சண்டை. எக்ஸிக்யூட்டர்களின் சண்டை அல்ல. ஆனாலும் நடுவில் ஒரு கடல் இருந்தால் காலண்டர் எப்படி ஓடுகிறது என்பதற்குச் சொன்னேன்.

வாத்தியார் வீட்டுச் சண்டை எப்படித் தீர்ந்தது என்கிறீர்களா? ஒரு பகல் பொழுதில். எக்ஸிக்யூட்டரையே நீக்கச் சொல்லி ஹைகோர்ட்டைக் கேட்க 301-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. இருவரும் அதற்கும் தயாராகி, வக்கீல் நோட்டீஸ்கூடப் பறந்தது. மூன்றாவது வருஷத் திதிக்குப் பினாங்கிலிருந்து மைத்துனர் வந்தார். செங்கற்பட்டில் தொழிலை விட்டு ஓய்ந்திருந்த ஒரு கிழ வக்கீலை நான் அழைத்து வந்தேன். அவர் இருவர் கட்சியையும் கேட்கவே இல்லை. "காகிதம் கொண்டு வா" என்றார். இந்தியச் சொத்தெல்லாம் வாத்தியார் பொறுப்பு. மலேசியச் சொத்தெல்லாம் மைத்துனர் பொறுப்பு. மற்றவருக்கு எழுத்தில் தெரிவிக்காமல் ஒன்றையும் விற்கக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அத்தை பணம் எல்லாவற்றுக்கும் முன்னால். மாம்பலத்து வீட்டுக்காக, பினாங்கு கோர்ட்டின் அத்தாட்சி பெற்ற நகலை வைத்து 228-ஆவது பிரிவின்படி இங்கே உத்தரவு கேட்பது. அசலைத் தேடவே வேண்டாம். ஒரே பக்கம். இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வடையும் பாயசமும் சாப்பிட்டார்கள்.

அந்த ஒரு பக்கத்தை உயிலிலேயே எழுத இறந்தவருக்கு என்ன தடை? மை இல்லையா? தேசத்துக்கு ஒருவர் என்று பிரித்துவிட்டால் இருவருக்கும் மரியாதையும் ஆயிற்று, வேலையும் ஆயிற்று. அல்லது தேசத்துக்கு ஓர் உயிலாகவே எழுதலாம். அதிலும் ஒரு குழி இருக்கிறது: எழுதுகிறவர்கள் பழக்க தோஷத்தில், "இதற்கு முன் எழுதிய உயில்கள் யாவும் ரத்து" என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். மதுராந்தகத்து உயில் பினாங்கு உயிலைத் தின்றுவிடும்! இந்த உயில் இந்தத் தேசத்துச் சொத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் எழுத வேண்டும்.

"ஒரே ஆளைப் போட்டால் அவன் விழுங்கிவிட்டால்?" என்று ஒரு சிநேகிதர் என்னை மடக்கினார். விழுங்குவான் என்று தோன்றுகிற ஆளை ஏன் போடுகிறீர்கள்? புரொபேட் வாங்கியவர் ஆறு மாதத்தில் சொத்து ஜாபிதாவும் ஒரு வருஷத்தில் கணக்கும் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும் என்று 317-ஆவது பிரிவு சொல்கிறது. அதைக் கேட்க ஒருவர் வேண்டுமானால் கணக்குப் பார்க்க மட்டும் ஓர் ஆளை உயிலில் குறிப்பிடுங்கள். பெட்டி ஒருவரிடம் இருக்கட்டும், கேள்வி கேட்கிற உரிமை இன்னொருவரிடம் இருக்கட்டும். பெட்டியை இருவர் இரண்டு பக்கம் பிடித்து இழுப்பது காவல் அல்ல.

2025-இல் பாராளுமன்றம் அந்த 213-ஆவது பிரிவையே எடுத்துவிட்டது. சென்னைக்கும் மதுராந்தகத்துக்கும் இருந்த வித்தியாசம் போயிற்று. நல்லதுதான். ஆனால் பினாங்கில் பாங்குக்காரர் கோர்ட் உத்தரவை இன்றும் கேட்கத்தான் கேட்பார். இங்கே இருக்கிறவர், "கோர்ட் எதற்கு?" என்று இன்னும் உரக்கக் கேட்பார். கூட்டு எக்ஸிக்யூட்டர்களின் இடையே கடல் கொஞ்சம் அகலமாகியிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

போன மாதம் வாத்தியார் தம்முடைய உயிலை எழுதப் போவதாகச் சொன்னார். பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறான். "அவனோடு உங்கள் பெயரையும் கூட்டாகப் போடுகிறேன். நீங்கள் மறுக்கக்கூடாது, இவ்வளவு பட்டிருக்கிறீர்கள், விட்டால் எனக்கு மனசு கேட்காது" என்றார். மறுத்துவிட்டேன். நேற்றுப் போனபோது காபி வருவதற்கு வெகு நேரமாயிற்று. அத்தைதான் சுவரைத் தடவிக்கொண்டு கொண்டுவந்து வைத்தாள்.