வேகத்துக்கு எவ்வளவு விலை?

மின்னல் வேக மின்சாரக் கார் வாங்கலாமா? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிவாசிகளே, வாங்குமுன் கணக்குப் பாருங்கள்!

சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் 2024 மார்ச்சில் 'சீல்' காரை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அப்போது நடுத்தர ரகத்தின் விலை ரூ.45 லட்சத்து 55 ஆயிரம். அதிவேக ரகம் ரூ.53 லட்சம். இது 3.8 வினாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்.

இரண்டிலும் பாட்டரி ஒரே அளவுதான். ஒரு முறை சார்ஜ் செய்தால் நடுத்தர ரகம் 650 கிலோமீட்டர் ஓடும். அதிவேக ரகம் 580 கிலோமீட்டர்தான். இது நிறுவனமே சொன்ன கணக்கு. பணமோ அதிகம், தூரமோ குறைவு!

அந்த வேகத்தை எங்கே காட்டுவது? சென்னை நகரில் கார்களுக்கு 2023 நவம்பரில் போலீசார் விதித்த வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர். குடியிருப்புத் தெருக்களில் 30தான்!

வீட்டில் கார் நிறுத்த இடமும், சார்ஜ் செய்ய மின் இணைப்பும் உண்டா? முதலில் அதைப் பாருங்கள். வேகம் பிறகு!